ஞாயிற்றுக்கிழமை விவசாயிகளே... சாவி யார் பாக்கெட்டில்?

வெள்ளிக்கிழமை சாயங்காலம் சென்னையில் பல்லவன் எக்ஸ்பிரஸ் ஏறும் கூட்டத்தைப் பாருங்கள். தோளில் லேப்டாப் பை, காதில் இயர்போன், கழுத்தில் கழற்ற மறந்த கம்பெனி அடையாள அட்டை. ராத்திரி காரைக்குடியில் இறங்கும்போது அதே ஆசாமி பாதி விவசாயி ஆகிவிடுகிறார். சனிக்கிழமை காலை கட்டம் போட்ட லுங்கி, தலையில் துண்டு, டிராக்டர் சீட்... முழு விவசாயி ரெடி!

இவர்களுக்கு ‘ஞாயிற்றுக்கிழமை விவசாயி’ என்று பெயர் வைத்திருக்கிறேன். கிண்டல் இல்லை சார். அப்பாவுக்கு முழங்கால் வலி. ஆள் கிடைப்பதில்லை. இருக்கிற நாலு ஏக்கர் புஞ்சையைக் கருவைக்குக் காவு கொடுக்க மனசில்லை. வாரம் ஐந்து நாள் கம்ப்யூட்டர் முன்னால், ரெண்டு நாள் ஸ்டீயரிங் முன்னால் என்று வாழ்கிற பையன்களைக் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் ஒரு சின்ன சிக்கல். ஆபீஸ் கம்ப்யூட்டரில் தப்பான பட்டனைத் தட்டினால், ‘நிச்சயமாக அழிக்கவா?’ என்று அது ஒருமுறை கேட்கும். டிராக்டர் கேட்காது.

தினமும் ஓட்டுகிற டிரைவருக்கு மெஷினின் குணம் தெரியும். மாசத்துக்கு ரெண்டு நாள் ஓட்டுகிறவருக்கு மெஷினின் குணம் மறந்துபோகும். ஆனால் தைரியம் மட்டும் மறக்காது. ஆபத்து அங்கேதான் ஆரம்பிக்கிறது.

எங்கள் பக்கத்தில் முப்பது வருஷமாக டிராக்டர் ஓட்டும் அண்ணன் ஒருவரிடம் கேட்டேன்.

‘‘என்னண்ணே, இத்தனை வருஷத்துல உங்களுக்குப் பயமே வந்ததில்லையா?’’

‘‘பயப்படாதவன்லாம் ஓட்டி முடிச்சுட்டு ஓரமா உக்காந்துட்டான் தம்பி. நான் பயந்தவன். அதான் இன்னும் ஓட்டிக்கிட்டிருக்கேன்!’’

இந்தக் கட்டுரையின் சாரம் இவ்வளவுதான். ஆனாலும் எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம் என்று பிரித்துத் தெரிந்துகொள்வது நல்லது. நான் பி.காம். படித்தவன். வரவு எந்தப் பக்கம், செலவு எந்தப் பக்கம் என்று எழுதிப் பார்த்தால்தான் எனக்கே புரியும்.

புல் வெட்டியில் ஆரம்பித்த கதை

உட்கார்ந்துகொண்டு ஓட்டுகிற, கத்தி சுழல்கிற மெஷின்களின் குடும்பம் பெரியது. இங்கிலாந்தில் எட்வின் பட்டிங் என்பவர் 1830-ல் முதல் புல் வெட்டும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். கம்பளித் துணி ஆலையில், துணி மேல் நீட்டிக்கொண்டிருக்கும் பிசிறுகளைச் சீவ ஓர் உருளைக் கத்தி இருந்தது. ‘துணியின் பிசிறைச் சீவுவது புல்லைச் சீவாதா?’ என்று யோசித்தார். சீவியது! அப்போது அது தள்ளுவண்டிதான். பிற்பாடு அதற்கு எஞ்சின் வந்தது, சீட் வந்தது. இன்றைக்கு அமெரிக்காவில் வீட்டுத் தோட்டத்திலேயே குட்டி டிராக்டர் மாதிரி ஒன்றில் உட்கார்ந்து புல் வெட்டுகிறார்கள். நம் ஊரில் அந்த மெஷினைப் பார்க்க வேண்டுமானால் கோல்ஃப் மைதானத்துக்கோ, கிரிக்கெட் ஸ்டேடியத்துக்கோ போக வேண்டும்.

செட்டிநாட்டில் புல்வெளி ஏது? செம்மண்ணும் சரளையும், நடுநடுவே சீமைக் கருவையும்தான். எனவே நம் ஊர் ‘சவாரி மெஷின்’ டிராக்டர்தான். பின்னால் புல் கத்திக்குப் பதில் ரோட்டாவேட்டர். அங்கே வயிற்றுக்குக் கீழே கத்தி. இங்கே முதுகுக்குப் பின்னால் கத்தி. அவ்வளவுதான் வித்தியாசம்!

அந்தப் புல் வெட்டி மெஷினில் ஒரு நல்ல சங்கதி உண்டு. ஓட்டுகிறவர் சீட்டை விட்டு எழுந்தால், சீட்டுக்கு அடியில் இருக்கும் சுவிட்ச் அதைக் கண்டுபிடித்துக் கத்தியையும் எஞ்சினையும் நிறுத்திவிடும். தள்ளுகிற ரக மெஷினுக்கு 1982-லேயே அமெரிக்காவில் ஒரு விதி வந்தது. கைப்பிடியை விட்ட 3 வினாடிக்குள் கத்தி நின்றாக வேண்டும். மனுஷன் மறப்பான் என்பதை ஒப்புக்கொண்டு செய்த மெஷின் அது.

நம் வயலில் ஓடுகிற டிராக்டர்கள் பலவற்றில் அப்படி எதுவும் கிடையாது. நீங்கள் இறங்கி வரப்பில் டீ குடித்தாலும் அது பாட்டுக்கு சுற்றிக்கொண்டேயிருக்கும். எனவே அந்த சுவிட்ச் நம் மூளையில்தான் இருக்க வேண்டும்.

நிமிஷத்துக்கு 540!

டிராக்டரின் பின்பக்கம், ரெண்டு பெரிய சக்கரங்களுக்கு நடுவே பல் வெட்டிய ஓர் இரும்புத் தண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதன் பெயர் பி.டி.ஓ. எஞ்சினின் சக்தி இதன் வழியாகத்தான் ரோட்டாவேட்டருக்கும் மற்ற கருவிகளுக்கும் போகிறது. இதன் வழக்கமான வேகம் நிமிஷத்துக்கு 540 சுற்று.

540 என்றால் பெரிதாகத் தோன்றாது. கணக்குப் போடுவோம். வினாடிக்கு 9 சுற்று. தண்டின் குறுக்களவு 35 மில்லிமீட்டர்; அதன் சுற்றளவு 11 சென்டிமீட்டர். பெருக்கினால், வினாடிக்கு ஏறக்குறைய ஒரு மீட்டர் துணியை அது தன் மேல் சுற்றிக்கொள்ளும். நாலு முழ வேட்டி முழுசாக உள்ளே போக ரெண்டே வினாடி போதும். ரோட்டாவேட்டரோடு இணைக்கும் ஷாஃப்ட் இதைவிடத் தடிமன். அதற்கு ரெண்டு வினாடியும் தேவையில்லை.

ஆபத்தைக் கண் பார்த்து, மூளை உணர்ந்து, கை அசைவதற்கே முக்கால் வினாடி ஆகிவிடும். அதற்குள் தண்டு ஆறேழு சுற்று சுற்றியிருக்கும். ‘துணி மாட்டினா சட்டுனு இழுத்துக்குவேன்’ என்று வீரம் பேசுகிறவர்கள் இந்தக் கணக்கை ஒருமுறை போட்டுப் பார்க்கட்டும். இழுத்துக்கொள்ளப்போவது யார் என்பதில் சந்தேகமே இல்லை.

வெளிநாட்டுப் பாதுகாப்புப் புத்தகங்களில் ‘தொளதொள உடை வேண்டாம்’ என்று ஒரு வரி இருக்கும். அந்த ஒரு வரியை நம் ஊருக்கு மாற்றி எழுதினால் பெரிய பட்டியலே வரும். வேட்டி, லுங்கி, தோளில் துண்டு, கார்த்திகையில் ஐயப்பன் மாலை, கழுத்துச் செயின், மணிக்கட்டில் கோயில் கயிறு, தொங்குகிற இயர்போன் வயர்... அத்தனையும் அந்தத் தண்டுக்குத் தீனி. களை எடுக்கவும் கதிர் அடிக்கவும் வரும் பெண்களின் சேலைத் தலைப்பும் பின்னலும் அதைவிட ஆபத்து.

செய்ய வேண்டியது ரெண்டே ரெண்டு. ஒன்று, ஓட்டும் நேரத்தில் மட்டுமாவது பேன்ட், உடம்போடு ஒட்டிய சட்டை, ஷூ. வேட்டிதான் கௌரவம் என்றால் வேலை முடிந்ததும் கட்டிக்கொள்ளலாமே! ரெண்டு, அந்த ஷாஃப்டுக்குக் கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் கூடு. ஷாஃப்ட் சுற்றினாலும் மேலே இருக்கும் கூடு சுற்றாமல் நிற்கும். துணி பட்டாலும் மாட்டாது.

அந்தக் கூடு எங்கே இருக்கிறது என்று உங்கள் வீட்டில் விசாரித்துப் பாருங்கள். ‘கிரீஸ் அடிக்க இடைஞ்சலா இருந்துச்சுன்னு கழட்டிப் போட்டோம்’ என்று பதில் வரும். கொட்டகை மூலையில், கிழிந்த சாக்குகளுக்கு நடுவே அது ஓய்வெடுத்துக்கொண்டிருக்கும். டிராக்டர் விலையோடு ஒப்பிட்டால் அதன் விலை கொசுறு. ஆனால் பார்த்துப் பார்த்து முதலில் கழற்றுவது அதைத்தான்.

கண்மாய்க் கரையும் ஒன்றரை வினாடியும்

உலகம் பூராவும் டிராக்டர் ஆளைக் கொல்வது பெரும்பாலும் கவிழ்ந்துதான். நம் சிவகங்கை மாவட்டத்தில் கண்மாய்க்கும் ஊருணிக்கும் பஞ்சமில்லை. எனவே கரைக்கும் பஞ்சமில்லை. அந்தக் கரைதான் நம் ஊர் எமன்.

மழை ஊறிய கரை, மேலே பார்க்க உறுதியாகத் தெரியும். ஓரத்தில் டன் கணக்கில் கனம் ஏறியதும் பொத்தென்று உள்வாங்கும். இதற்குச் சுலபமான ஒரு கணக்கு உண்டு. பள்ளம் எவ்வளவு ஆழமோ, குறைந்தபட்சம் அவ்வளவு தூரம் விளிம்பிலிருந்து தள்ளி ஓட்ட வேண்டும். ஆறடி ஆழ வாய்க்கால் என்றால் ஆறடி தள்ளி. ‘அந்த ஆறடி நிலம் வீணாப் போகுமே’ என்பவர்களுக்கு ஒரு தகவல். அதே ஆறடி வேறொரு காரியத்துக்கும் தேவைப்படும்!

இன்னொரு வகை கவிழ்தல் இதைவிடக் கொடுமை. வண்டி முன்பக்கமாகத் தூக்கி, மல்லாந்து, ஓட்டுகிறவர் மேலேயே விழுவது. புதுசாக ஓட்டுகிறவர்கள் இப்படியும் நடக்கும் என்று நம்பவே மாட்டார்கள்.

எப்படி நடக்கிறது? பின்சக்கரம் சேற்றில் புதைந்துவிட்டது என்று வையுங்கள். ஆக்சிலேட்டரை மிதிக்கிறீர்கள். சக்கரம் சுற்ற முடியவில்லை. எஞ்சினின் சக்தி எங்காவது போயாக வேண்டும் அல்லவா? சக்கரம் சுற்றாவிட்டால், சக்கரத்தின் அச்சைச் சுற்றி வண்டியே சுற்றப் பார்க்கும். மூக்கு மேலே கிளம்பும். கிளம்பியதிலிருந்து தலைகீழாகும் வரை ஒன்றரை வினாடிகூட இல்லை. பாதி வழியில் கிளட்சை மிதித்தாலும் பிரயோஜனம் இருக்காது.

நம் ஊரில் இதற்கு ஒரு ‘கைவைத்தியம்’ வைத்திருக்கிறார்கள். புதைந்த பின்சக்கரத்தோடு ஒரு மரக்கட்டையைச் சங்கிலியால் கட்டி முன்னால் எடுப்பது! கட்டை மண்ணில் ஊன்றி, சக்கரம் நின்று, வண்டி மல்லாருவதற்கு இதைவிடக் கச்சிதமான ஏற்பாடு கிடையாது. இந்த வைத்தியத்தை மறந்துவிடுங்கள். புதைந்தால் மண்ணைத் தோண்டி, வந்த வழியே ரிவர்ஸில் எடுங்கள். வரவில்லையா? இன்னொரு டிராக்டரைக் கூப்பிடுங்கள். கௌரவக் குறைச்சல் ஒன்றும் இல்லை.

கருவை வேர் பிடுங்குகிறவர்களுக்கும் இதே விதிதான். 2017-ல் மதுரை உயர்நீதிமன்றக் கிளை உத்தரவு போட்டபோது சிவகங்கை, ராமநாதபுரம், விருதுநகர் பக்கமெல்லாம் கருவை அகற்றும் வேலை தடபுடலாக நடந்தது. ஜே.சி.பி. செய்ய வேண்டிய வேலையைச் சங்கிலி கட்டி டிராக்டரால் செய்யப் பார்ப்பவர்கள் இன்றைக்கும் உண்டு. சங்கிலியை சீட் பக்கம் உயரமான இடத்தில் கட்டினால், இழுக்க இழுக்க வண்டியின் மூக்கு தூக்கும். கீழே, அச்சுக்கும் தாழ்வாக இருக்கும் இழுவைக் கட்டையில் மட்டும்தான் கட்ட வேண்டும். ஒரேயடியாக வெடுக்கென்று இழுக்கவும் கூடாது. அறுந்த சங்கிலி திரும்பி வருகிற வேகம் ரொம்ப மோசம்.

சுவீடன்காரர்கள் 1959-லேயே புதுசாக விற்கும் ஒவ்வொரு டிராக்டருக்கும் கவிழ்ந்தாலும் நசுங்காத இரும்புச் சட்டம் கட்டாயம் என்று கொண்டுவந்தார்கள். அடுத்த முப்பது வருஷத்தில் அங்கே டிராக்டர் கவிழ்ந்து சாகிறவர்கள் கிட்டத்தட்ட இல்லை என்றே ஆனது. அதே 1959-ல்தான் இந்தியாவில் தயாரான முதல் டிராக்டர், ஃபரிதாபாத்தில் ஐஷர் தொழிற்சாலையிலிருந்து வெளியே வந்தது. அடுத்த வருஷம் சென்னையில் டாஃபே தொடங்கியது. நாம் டிராக்டரைப் பிடித்துக்கொண்டோம், சட்டத்தை விட்டுவிட்டோம்!

இங்கே ஒரு விஷயம், அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நம் டிராக்டர் மேல் இருக்கும் தகரக் கூரையோ துணிக் கூரையோ வெயிலுக்குத்தான். வண்டி கவிழ்ந்தால் அது அப்பளம். உங்கள் வண்டியில் நிஜமான இரும்புச் சட்டம் இருந்தால் சீட் பெல்ட் கட்டாயம் போட வேண்டும்; அப்போதுதான் சட்டத்துக்குள்ளேயே இருப்பீர்கள். சட்டம் இல்லாத வண்டியில் பெல்ட் போடக் கூடாது; கவிழ்ந்தால் வண்டியோடு சேர்த்துக் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடும். கார் ஓட்டிப் பழகியவர்கள் இந்த ரெண்டையும் குழப்பிக்கொள்வார்கள்.

ரெண்டு பிரேக், ஒரு கொக்கி

காரில் ஒரு பிரேக். டிராக்டரில் ரெண்டு! இடது பின்சக்கரத்துக்கு ஒன்று, வலது பின்சக்கரத்துக்கு ஒன்று. வயல் மூலையில் ஒரு பக்கத்தை மட்டும் மிதித்தால் வண்டி பம்பரம் மாதிரி அந்த இடத்திலேயே திரும்பும். அருமையான வசதி.

அதே வசதியோடு ரோட்டுக்கு வந்தால்? திருப்பத்தூர் ரோட்டில் டாப் கியரில் போய்க்கொண்டிருக்கிறீர்கள். குறுக்கே ஒரு ஆடு. அவசரத்தில் கால் ஒரு பெடலில் மட்டும் விழுகிறது. ஒரு சக்கரம் நிற்கிறது, மற்றது ஓடுகிறது. வண்டி ஒரு பக்கமாக வெட்டித் திரும்பிக் குடை சாய்கிறது. ஆடு தப்பித்துவிடும்.

இதற்காகவே ரெண்டு பெடலையும் சேர்த்துப் பூட்ட ஒரு சின்னக் கொக்கி இருக்கிறது. வயலை விட்டு வெளியே வந்ததும் முதல் வேலை அந்தக் கொக்கியை மாட்டுவது. இறக்கத்தில் டீசல் மிச்சம் பிடிக்க நியூட்ரலில் விடுகிற வழக்கமும் வேண்டாம். பின்னால் டிரெய்லர் நிறைய மணலோ நெல்லோ இருந்தால், பிரேக்கைவிட எஞ்சின்தான் வண்டியைப் பிடித்து நிறுத்தும். அந்தப் பிடியை நாமே விடுவானேன்?

மட்கார்டு சிம்மாசனம்

டிராக்டரில் சீட் எத்தனை? ஒன்றே ஒன்று. ஆனால் நம் ஊர் டிராக்டரில் மட்கார்டுக்கு ரெண்டு பேர், பின்னால் நிற்க ஒருத்தர், டிரைவர் மடியில் ஒரு வாண்டு.

‘‘தாத்தா, நானும் வர்றேன்!’’

‘‘வாடா என் ராசா! ஏறிக்க!’’

இந்த வசனத்தில் பாசம் வழிகிறது. ஆனால் மட்கார்டு என்பது சேறு தெறிக்காமல் இருக்க வைத்த தகடு. அங்கே உட்கார்ந்தவர் ஒரு வரப்பு ஏறி இறங்கும்போது வழுக்கினால் விழுவது பின்சக்கரத்துக்கு முன்னால். பின்னாலேயே ரோட்டாவேட்டர். வண்டியை நிறுத்த அவகாசமே இருக்காது.

ஊருக்குப் பேரன் பேத்திகள் வருகிற பொங்கலிலும் கோடை லீவிலும் இந்த ஆபத்து பன்மடங்கு. குழந்தைக்கு டிராக்டர் காட்ட ஆசையா? எஞ்சினை அணைத்து, ரோட்டாவேட்டரைத் தரையில் இறக்கி, சீட்டில் உட்கார வைத்து ஒரு போட்டோ எடுங்கள். போதும். ரிவர்ஸ் எடுக்கும் முன்னால் வண்டிக்குப் பின்னால் இறங்கிப் போய்ப் பாருங்கள். பெரிய சக்கரத்துக்குப் பின்னால் நிற்கிற மூணு வயசுப் பிள்ளை சீட்டிலிருந்து தெரியவே தெரியாது.

டிரெய்லரில் ஆள் ஏற்றுவதும் இதே கதைதான். காதுகுத்து, குலதெய்வம் கும்பிடு என்றால் சொந்தபந்தம் முப்பது பேரும் ஒரே டிரெய்லரில்! 2022 அக்டோபர் 1-ம் தேதி உத்தரப்பிரதேசத்தில் கான்பூர் அருகே, கோயிலுக்குப் போய்த் திரும்பிய ஒரு டிராக்டர் டிரெய்லர் குளத்தில் கவிழ்ந்தது. இறந்தவர்கள் 25 பேருக்கு மேல். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்.

பி.காம். மூளை இன்னொன்றும் சொல்கிறது. இன்சூரன்ஸ் பாலிசியிலும் ஆர்.சி. புத்தகத்திலும் சீட் எண்ணிக்கையைப் பாருங்கள். மட்கார்டிலும் டிரெய்லரிலும் இருந்தவர்களுக்கு நஷ்டஈடு என்று கேஸ் போனால், கம்பெனி வக்கீல் முதலில் கையில் எடுப்பது அந்த எண்ணைத்தான். போன உயிருக்கும் ஈடில்லை. கோர்ட்டுக்கு அலைச்சலும் மிச்சம்.

ரிப்பேர் செய்யும்போதுதான் உஷார்!

ஓட்டும்போது எல்லோரும் ஓரளவு கவனமாகத்தான் இருக்கிறார்கள். இறங்கிய பிறகுதான் அசட்டை. ஆவணி, புரட்டாசியில் புழுதி உழவு நடக்கும்போது பாருங்கள். காய்ந்த கொடியும் புல்லும் ரோட்டாவேட்டர் கத்தியில் சுற்றிக்கொள்ளும். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, ‘ஒரு நிமிஷ வேலைதானே’ என்று காலால் எத்தியோ, கையால் இழுத்தோ எடுக்கப் பார்ப்பார்கள். கொடி அறுபட்டு விடுபட்ட அடுத்த கணம் கத்தி சுழலும். அப்புறம் ஒரு நிமிஷ வேலை ஒரு ஆயுசு வேலை.

சரியான வரிசை இதோ. மனப்பாடம் செய்ய நாலே படிதான்:

ஒன்று, பி.டி.ஓ. லீவரை நிறுத்துங்கள்.

ரெண்டு, ரோட்டாவேட்டரைத் தரையில் இறக்குங்கள்.

மூணு, எஞ்சினை அணைத்து, ஹேண்ட் பிரேக் போடுங்கள்.

நாலு, சாவியை உருவி உங்கள் பாக்கெட்டில் போடுங்கள்.

அப்புறமும் கத்தி முழுசாக நிற்கும் வரை காத்திருந்து, பிறகு கிட்டே போங்கள். பி.டி.ஓ.வை நிறுத்திய பிறகும் அது கொஞ்ச நேரம் சுற்றும்.

கத்தி மாற்றுவதற்காகத் தூக்கி வைத்த ரோட்டாவேட்டருக்குக் கீழே படுக்கிறீர்களா? அதைத் தூக்கிப் பிடித்திருப்பது ஹைட்ராலிக் எண்ணெய். ஒரு பைப் பிய்த்துக்கொண்டாலோ, விளையாட்டுப் பிள்ளை லீவரைத் தட்டினாலோ நூற்றுக்கணக்கான கிலோ மேலே இறங்கும். கனமான மரக்கட்டைகளை ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுக்காமல் கீழே தலை வைக்காதீர்கள். செங்கல் முட்டு வேண்டாம், நொறுங்கும்.

பழைய வண்டிகளில் இன்னொரு வித்தை. சாவி சுவிட்ச் கெட்டுப்போயிருக்கும். கீழே நின்றபடியே ஸ்க்ரூ டிரைவரை ஸ்டார்ட்டர் மோட்டாரில் வைத்துத் தீப்பொறி பறக்க ஸ்டார்ட் செய்வார்கள். பார்க்க சினிமா மாதிரி இருக்கும். வண்டி கியரில் இருந்தால்? ஸ்டார்ட் ஆனதும் நகரும். நீங்கள் நிற்கிற இடம் பின்சக்கரத்துக்கு முன்னால்! ஒரு சுவிட்ச் மாற்றுகிற செலவுக்கு யோசித்து, உயிரை அடமானம் வைப்பது எந்தக் கணக்கில் சேரும்?

இன்னும் சில சில்லறைச் சங்கதிகள். சூடான ரேடியேட்டர் மூடியைத் திறக்காதீர்கள். உள்ளே கொதிநீர் அழுத்தத்தில் இருக்கிறது. பேட்டரி கழற்றும்போது முதலில் நெகட்டிவ். கதவு சாத்திய கொட்டகைக்குள் எஞ்சினை ஓட விடாதீர்கள். அந்தப் புகையில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்லை, நிறமும் இல்லை.

கையில் பிடிக்கிற கத்தி

சமீப வருஷங்களில் வரப்பு ஓரம், தென்னந்தோப்பு எல்லாம் ‘டுர்ர்ர்’ என்று ஒரு சத்தம் கேட்கிறது அல்லவா? பிரஷ் கட்டர். தோளில் மாட்டிக்கொண்டு புல் வெட்டும் மெஷின். வாடகைக்கும் கிடைக்கிறது, மானியத்திலும் கிடைக்கிறது. வாங்கியவர்கள் அதோடு வந்த கண்ணாடியையும் காது மூடியையும் பெட்டியிலேயே பத்திரமாக வைத்துவிடுகிறார்கள்... புதுசு மங்காமல் இருக்க!

செட்டிநாட்டு மண்ணில் புல்லைவிடச் சரளைக் கல் அதிகம். கத்தியில் பட்ட கல் தெறித்துப் பறக்கும். அதனால்தான் ஓட்டுகிறவரைச் சுற்றி 15 மீட்டருக்கு, அதாவது ஐம்பது அடிக்கு, யாரும் நிற்கக் கூடாது என்று மெஷின் புத்தகத்திலேயே போட்டிருக்கிறார்கள். வெட்டும் முன் ஒரு நடை நடந்து கல், கம்பி, பாட்டில் எல்லாம் பொறுக்குங்கள். கண்ணாடி கட்டாயம். செருப்புக் காலோடு வேண்டாம். கத்தியில் கயிறு சுற்றினால் எஞ்சினை அணைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். பெட்ரோல் ஊற்ற எஞ்சின் ஆறட்டும். சூடான சைலன்சரில் ஒரு சொட்டு விழுந்தால் போதும். பீடி, சிகரெட் ஆசாமிகள் அந்தப் பக்கமே வரக் கூடாது.

ஒருவேளை நடந்துவிட்டால்...

பதறாமல் செய்ய வேண்டியது கொஞ்சம் இருக்கிறது. முதலில் எஞ்சினை அணையுங்கள். மாட்டிய கையையோ காலையோ வெளியே எடுக்க மெஷினைப் பின்னோக்கிச் சுற்றுகிறேன் என்று முயற்சி செய்யாதீர்கள். 108-க்கு போன் போடுங்கள். ரத்தம் கொட்டும் இடத்தில் சுத்தமான துணியை வைத்து விடாமல் அழுத்துங்கள். காப்பித்தூள், மஞ்சள்தூள், மண்ணெண்ணெய் எதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரியில் அதைக் கழுவி எடுப்பதற்குள் பொன்னான நேரம் போய்விடும்.

விரல் துண்டாகிவிட்டால் அதைத் தேடி எடுங்கள். சுத்தமான ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் பைக்குள் போட்டுக் கட்டி, அந்தப் பையை ஐஸ் கட்டிகளுக்கு நடுவே வையுங்கள். ஐஸ் நேரடியாக விரலில் படக் கூடாது. நேரத்தோடு போய்ச் சேர்ந்தால் ஒட்டவைக்க வாய்ப்பு உண்டு.

தனியாகப் போய் வேலை செய்ய வேண்டாம் என்பதும் இதற்காகத்தான். சிக்னல் இல்லாத புஞ்சைக்குப் போனால், ‘இத்தனை மணிக்குள் வந்துடுவேன்’ என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள்.

முதலாளி சாருக்கு ஒரு வார்த்தை

எல்லாருமே தானாக ஓட்டுகிறவர்கள் இல்லை. சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்துகொண்டு, ஊரில் டிராக்டர் வாங்கி, சம்பள டிரைவர் போட்டு, போனிலேயே விவசாயம் செய்கிறவர்களும் உண்டு.

‘‘என்னப்பு, இன்னைக்கு எத்தனை ஏக்கர் முடிஞ்சுச்சு?’’

தினமும் கேட்கிற கேள்வி இது ஒன்றுதான். மணிக்கு இவ்வளவு என்று வாடகை ஓடும்போது, கொடி சுற்றினால் எஞ்சினை அணைக்கிற ரெண்டு நிமிஷமும் டிரைவருக்கு நஷ்டமாகத் தெரிகிறது. அணைக்காமல் கை விடுகிறார். அவர் அவசரத்துக்குப் பாதிக் காரணம் நம் போன்தான். சார், அந்தப் பிளாஸ்டிக் கூடு வாங்க வேண்டியது அவர் இல்லை, நீங்கள். கெட்டுப்போன சாவி சுவிட்ச் மாற்ற வேண்டியதும் நீங்கள்தான். அடுத்த தடவை போன் போடும்போது, ‘‘கூடு மாட்டியிருக்கா அண்ணே?’’ என்று ஒரு கேள்வியைச் சேர்த்துக் கேளுங்கள். காசு செலவில்லை.

அறுபது, எழுபதுகளில் கதிரடிக்கும் மெஷின்கள் வந்த புதுசில் வடக்கே எத்தனையோ விவசாயக் கூலிகளின் கைகள் போயின. அதற்கப்புறம்தான் 1983-ல் ஆபத்தான இயந்திரங்களை ஒழுங்குபடுத்த ஒரு சட்டமே வந்தது. சட்டம் டெல்லியில் வரலாம். ஆனால் நம் கொட்டகைக்குள் வந்து கூட்டை மாட்டிவிட்டுப் போகாது.

கடைசியாக, மறுபடியும் நம்ம அண்ணனிடமே கேட்டேன். ‘‘புதுசா ஓட்ட வர்ற பசங்களுக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லணும்னா என்னண்ணே சொல்வீங்க?’’

அவர் யோசிக்கவேயில்லை. சட்டைப் பையைத் தட்டிக் காட்டினார். உள்ளே சாவி சத்தம் போட்டது.

‘‘இது இங்க இருக்கிற வரைக்கும் அது அங்க சும்மா நிக்கிற இரும்பு தம்பி. அவ்வளவுதான்!’’